எட்டு மணி மாத்திரை

முழுங்கியிருப்பேன், முழுங்காம எப்படி, நாக்குல ஒரு கசப்பு இருக்கத்தான் செய்யுது, ஆனா சீயக்காய்த் தண்ணி வாய்க்குள்ள போனாலும் கசக்கும், இன்னைக்குத் தலை அலசும்போது ஒரு வாய் உள்ள போச்சு, அதை மறைக்கக் கூடாது. செல்போன்ல மணி எட்டு பதினெட்டு. எட்டு மணி மாத்திரையை எட்டு மணிக்குப் போட்டிருந்தா எட்டே காலுக்குள்ள திரையில பச்சை விழணும். விழல. சரி, எட்டு அஞ்சுக்குப் போட்டிருந்தா எட்டு இருபதுக்கு விழும், இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு, அதுக்குள்ள என்னத்துக்குப் பறக்குத செண்பகம்னு எனக்கு நானே சொல்லிப் பாக்கேன், மனசு கேட்டாத்தானே. ஒம்பது மணி வரைக்கும் பச்சை வரலைன்னா சேப்பு வரும். அந்தச் சேப்பு எனக்கு மட்டும் வந்தாத் தேவலை. மதுரையில ஆபரேசன் பண்ணின ஆஸ்பத்திரிக்கும் போவும், தென்காசியில உலகம்மா மதினி செல்போனுக்கும் போவும். ஆஸ்பத்திரிக்காரங்க நாகரிகமானவங்க, போன் போட்டு, என்னம்மா மறந்துட்டீங்களான்னு மெதுவா கேப்பாங்க. மதினி அந்த ரகம் கிடையாது. மதினின்னா இவியளுக்கு அக்கா, இவியன்னா என் வீட்டுக்காரர், ஆக மதினி எனக்கு நாத்தனா, அதுக்கு மேல என் அடிவயித்துல வலது பக்கம் இருக்க கிட்னி அவிய குடுத்தது. ஊர்ல எல்லாருக்கும் நாத்தனா தீவாளிக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போவாவ. எனக்கு உள்ளேயே இருக்காவ. மதினிக்குப் பாகற்காய் ஆகாது, ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததிலருந்து எனக்கும் பாகற்காய் இறங்கல, டாக்டர் அதெல்லாம் மனசுதாம்மாங்காரு, அவருக்கென்ன தெரியும் உலகம்மா மதினியைப் பத்தி.

இது சாதா மாத்திரை இல்ல. உள்ள கடுகுல பாதி அளவுக்கு ஒரு சாமான் வச்சிருக்காங்க. வயித்துல இருக்க புளிச்ச தண்ணி பட்டதும் அது முழிச்சுக்கிட்டு, வந்து சேந்துட்டேன்னு ஒரு சத்தம் குடுக்குமாம். நம்ம காதுக்குக் கேக்காது. இடது விலாவுல ஒட்டியிருக்க பிளாஸ்திரிக்கு மட்டும் கேக்கும், பிளாஸ்திரி செல்போனுக்குச் சொல்லும், செல்போன் ஊருக்கெல்லாம் சொல்லும். ஆஸ்பத்திரியில இதைப் பாத்துக்கிடுத பிள்ளை ஜெபராணி, நல்ல பிள்ளை, தை மாசம் என்னை உக்கார வச்சு எல்லாத்தையும் படம் போட்டு விளக்கிச் சொல்லிட்டு, குடும்பத்துல ஒருத்தர் பேரு குடுங்கம்மா, அவங்களுக்கும் பச்சை போவும்னா. நான் வாயைத் திறக்கதுக்குள்ள இவிய, எங்க அக்கா பேரை எழுதும்மா, சாமான் அவளுதுதானேன்னுட்டாவ. எழுதியாச்சு. அன்னையிலருந்து காலையில எட்டு, ராத்திரி எட்டு, நான் முழுங்கினது தென்காசிக்குத் தெரியும். மதினிக்கு இதுல ஒரு எண்ணம், கடுகு உள்ள போயி சகலத்தையும் பாத்துட்டு வந்து சொல்லுதுன்னு. நேத்துக் கருவாடு தின்னியான்னு கேட்டாவ ஒரு நாள். தின்னது நிசம். உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, ஒரே ஒரு துண்டுதான், அது எப்படித் தெரிஞ்சுதுன்னு ரெண்டு நாள் தூக்கமில்லாம ஜெபராணிக்குப் போன் போட்டுக் கேட்டா, அவ சிரியோ சிரின்னு சிரிக்கா. மாத்திரையைத் தவிர அது எதையும் சொல்லாதும்மாங்கா. சொன்னது கடுகில்ல, இவிய. இவியளுக்கு வாய்ங்கது ஓட்டைப் பானை.

எட்டு இருபத்தி ஒண்ணு. பச்சை இல்ல. சிக்னல் கோளாறா இருக்கும், பிளாஸ்திரியை ஒரு அமுக்கு அமுக்கிப் பாப்போம்னு விலாவுல கையை வைக்கேன், விலா இருக்கு, பிளாஸ்திரியைக் காணோம். ஜாக்கெட்டுக்குள்ள தேடுதேன், சேலை மடிப்புல தேடுதேன், அப்போதான் உச்சந்தலையில ஒரு குளிர்ச்சி இறங்குது, எண்ணெய்க் குளியல்னால வந்த குளிர்ச்சி இல்ல அது. ஓடிப் போய் பாத்ரூமைத் திறந்தா, கண்ணாடியில, வரிசையா, மெரூன் பொட்டு, கறுப்புப் பொட்டு, வெல்வெட் பொட்டு ரெண்டு, அதுக்குப் பக்கத்துல பெரிய மனுசன் கணக்கா பிளாஸ்திரி. நான்தான் ஒட்டியிருக்கேன். ஆபரேசனுக்குப் பொறவு ஒண்ணே கால் வருசமா தலைக்கு எண்ணெய் காணல, கண்ணெல்லாம் செவந்துகிடக்கு, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேச்சுக் குளியேம்னு இவியதான் காலையில தூபம் போட்டாவ. நானும் நல்லெண்ணெயைக் காய்ச்சி உடம்பு பூரா தேச்சேன். விலாப்பக்கம் வரும்போது பிளாஸ்திரி ஓரம் எழும்பிச்சு. சாதாத் தண்ணிக்கு அசையாதும்மான்னு ஜெபராணி சொல்லியிருக்கா, எண்ணெயைப் பத்தி அவளும் சொல்லல, நானும் கேக்கல. எழும்பினதை உரிச்சேன். உரிச்ச கை எங்க போவும், நாப்பது வருசமா குளிக்கப் போறதுக்கு முந்தி நெத்தியிலருந்து உரிச்சதை எங்க ஒட்டுதோ அங்கதான் போவும். குளிச்சு வெளிய வந்ததும் புதுப்பொட்டு எடுத்து வச்சேன், அது ஞாபகம் இருந்துச்சு. நெத்திக்குள்ளதை ஞாபகம் வச்ச மூதிக்கு விலாவுக்குள்ளது மறந்துபோச்சு.

அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையா, பிளாஸ்திரியை நம்பிப் புத்தியைக் கைவிட்டுட்டேன். முன்னாடியெல்லாம் மாத்திரை போட்டா ஒரு நிமிசம் நின்னு, போட்டாச்சுன்னு வாய்விட்டுச் சொல்லி, காலண்டர்ல ஒரு கோடு போட்டுட்டுத்தான் அடுத்த சோலி. இது வந்த பொறவு கோடு எதுக்கு, சொல்லு எதுக்கு, அதான் பச்சை விழுதுல்லான்னு விட்டாச்சு. இப்போ மாத்திரை போட்டேனா போடலையான்னு சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆளு பாத்ரூம்ல பொட்டுகூட நிக்கான். உரிச்சு எடுத்து விலாவுல வைக்கேன், எண்ணெய்ச்சருமத்துல நிக்காம வழுக்குது, துண்டால துடைச்சுட்டு வைக்கேன், நிக்கமாட்டேங்கு, சரின்னு உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு கூடத்து நாற்காலியில வந்து உக்காந்துட்டேன். கடுகு அரைமணி நேரம் கத்தும்னு ஜெபராணி சொன்ன ஞாபகம். எட்டுக்கு முழுங்கியிருந்தா எட்டரை வரைக்கும் கத்தும். எட்டு இருபத்தி நாலு. கத்துடா. இவிய பேப்பர்லருந்து தலையைத் தூக்கி, என்ன, நெஞ்சு வலிக்கான்னு கேட்டாவ. இல்லைன்னேன். கையை அங்கன வச்சிருக்கியேன்னாவ. சும்மா வச்சிருக்கேன்னேன். சும்மா வைக்கதுக்கு எத்தனையோ இடம் இருக்குன்னு சொல்லிட்டு மறுபடி பேப்பருக்குள்ள போயிட்டாவ. இவியகிட்ட சொல்ல முடியாது. சொன்னா அடுத்த நிமிசம் அக்காளுக்குப் போன் போவும்.

டப்பாவைப் பாத்தா தெரிஞ்சிராதான்னு யாரும் கேக்கலாம். ஏழு நாளைக்கும் அறை அறையா இருக்க டப்பா, வெள்ளிக்கிழமை காலை அறை காலியாத்தான் இருக்கு. எடுத்தேன், அதுல சந்தேகமே இல்ல. எட்டு மணிக்கு மணி அடிச்சுது, உள்ளங்கையில மாத்திரையை எடுத்தேன், அந்த நேரம் பாத்து, பால் பொங்குதுன்னு இவிய சத்தம் போட்டாவ. எந்திரிச்சுப் போய் அடுப்பை அணைக்க மாட்டாவ, பொங்குதுன்னு தகவல் மட்டும் சொல்லுவாவ. நான் ஓடி அணைச்சேன். பொறவு தண்ணி குடிச்சேன். தண்ணி குடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு, செம்புத் தண்ணி, கொஞ்சம் களிம்பு வாசம் அடிச்சுது, நாளைக்குப் புளிபோட்டு விளக்கணும்னு நினைச்சேன். அந்தத் தண்ணி மாத்திரைக்காகக் குடிச்சதா, ஓடிவந்த மூச்சுக்காகக் குடிச்சதா. கண்ணை மூடி யோசிச்சா மாத்திரை முழுங்குத ஞாபகம் வரத்தான் செய்யுது, தலையை அண்ணாந்து, தொண்டையில ஒரு தடவை நின்னு, இன்னொரு மடக்குத் தண்ணியில இறங்குது. ஆனா அது என்னைக்குள்ளது. தை மாசத்திலருந்து நாளுக்கு ரெண்டு, நானூத்தி எண்பது தடவை முழுங்கியிருப்பேன். நானூத்தி எண்பதும் அண்ணாந்துதான், செம்புத் தண்ணிதான். தேதி முத்திரை இல்லாத ஞாபகத்தை வச்சு என்ன செய்ய.

அடுப்படியில போய் குனிஞ்சு தேடினேன், ஒரு கை விலாவுல. அடுப்புக்கு அடியில ரெண்டு உளுந்து, ஒரு ரப்பர் பேண்டு. தொட்டியில பாத்தேன். பால் பாத்திரத்துல கரண்டியை விட்டுத் துழாவினேன், அடியில ஆடைதான் கிடக்கு. அப்போதான் அந்தப் பயம் வந்துது, கையில இருந்தது பால்ல விழுந்திருந்தா. அந்தப் பால்ல ஒரு டம்ளர் இவிய குடிச்சாச்சு. கிட்னி மாத்தின ஆளுக்குள்ள மாத்திரை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கது, இவிய ஏற்கெனவே தும்மல் போட்டாலே மூணு நாள் படுக்குத ஆளு. வயித்துக்குள்ள கடுகு கத்திக்கிட்டுக் கிடக்கும், கேக்க நாதி இருக்காது. மணி எட்டு இருபத்தி ஒம்பது. யோசிக்க நேரமில்ல, நாற்காலிக்குப் பின்னால போய், குனிஞ்சு, பனியனுக்குள்ள கையை விட்டு, பிளாஸ்திரியை இவிய விலாவுல அமுக்கிட்டேன். இவிய துள்ளிப்போய், என்ன செய்யுதன்னாவ. வேர்வையைத் துடைக்கேன்னேன். முப்பத்தி ரெண்டு வருசமா துடைக்காத வேர்வையான்னு கேட்டுட்டு, ஆனாலும் கையை எடுக்கச் சொல்லல, கொஞ்சம் வாகா சாஞ்சு உக்காந்துக்கிட்டாவ. பாவமாத்தான் இருந்துது. நான் மறு கையில செல்போனைப் பாக்கேன். பச்சை வரல. வராததுல எனக்கு ஒரு நிம்மதி, ஒரு ஏமாத்தம். ஏமாத்தம் எதுக்குன்னு நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு. பச்சை வந்திருந்தா அது இவிய வயித்துப் பச்சைன்னு நான் தென்காசிக்குச் சொல்லியிருப்பேனா, இல்ல வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனா. மூடிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்.

மதினிக்கு அம்புட்டுப் பயமான்னா ஆமா, பயம்தான். ஆனி மாசம் வள்ளியூர்ல ஒரு கல்யாணத்துக்கு முந்துன நாள் ராத்திரி போயிருந்தோம். பந்தியில பேச்சு சுவாரசியம், எட்டு மணி மாத்திரையை மறந்து ஒம்பதுக்குச் சேப்பு போயிட்டு. என் செல்போன் பைக்குள்ள, பை யார்கிட்டயோ. மதினி கல்யாணப் பொண்ணோட அப்பாவுக்குப் போன் போட்டு, அவரு எடுக்கலைன்னதும் மண்டபத்துக்காரர் நம்பரைப் பத்திரிகையில பாத்துப் போட்டு, கொஞ்ச நேரத்துல நாதசுவரத்தை நிறுத்திட்டு ஒருத்தன் மைக்ல சொல்லுதான், பாளையங்கோட்டை செண்பகவல்லி அம்மாள் எங்கிருந்தாலும் உடனடியாக மாத்திரை போடவும். ரெண்டு தடவை சொன்னான். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பாக்குது, மாப்பிள்ளை கூட மேடையிலருந்து எட்டிப் பாக்கான். பாயசக் கையோட நான் எழுந்திரிச்சு, போட்டாச்சு போட்டாச்சுன்னு தலையாட்டிக்கிட்டே போடப் போனேன். அன்னையிலருந்து எங்க போனாலும், மாத்திரை போட்டாச்சாக்கான்னு தெரியாதவங்களும் கேக்காங்க. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது.

எட்டு முப்பத்தி எட்டு. கடுகு கத்தி ஓஞ்சிருக்கும், இருந்திருந்தா. இனிமே பிளாஸ்திரியைப் பிடிச்சும் பிரயோசனம் இல்ல, ஆனாலும் கை போயி விலாவுல உக்காந்துக்கிடுது. இன்னொண்ணு எடுத்துப் போட்டுட்டா என்ன. நாளைக்குள்ள அறையில இருக்கு. போடலாம், ஆனா முதல்லயே முழுங்கியிருந்தா இது ரெண்டாவது. ரெண்டு போனா கை நடுங்கும், எந்தக் கிட்னியைக் காப்பாத்த மாத்திரையோ அதுக்கே அது விசம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சரி, போடாம விட்டா. அதுக்கும் சொல்லியிருக்காரு, உங்க உடம்புக்கு அது அடுத்தவங்க சாமான்னு இன்னும் தெரியாதும்மா, மாத்திரைதான் தெரியாம பாத்துக்கிடுது, ஒவ்வொரு வேளையா விட்டீங்கன்னா உடம்பு கண்டுபிடிச்சுரும், கண்டுபிடிச்சா வெளிய தள்ளப் பாக்கும். அந்தப் பேச்சு கேட்ட நாள்லருந்து எனக்கு உடம்புமேல சந்தேகம். தூங்கும்போது உடம்பு மெதுவா வலது பக்கம் போயி, யாரு நீங்க, உங்களை இந்த வீட்டுல பாத்ததில்லையேன்னு மதினியைக் கேக்குத மாதிரி. மதினி சும்மா இருப்பாவளா, நீ யாருட்டி என்னைக் கேக்கன்னு அங்கேயே சண்டை வந்துரும். சிரிப்பு வருது. ஆனா கிட்னி போனா போனதுதான், இன்னொண்ணு குடுக்க மதினிகிட்ட இல்ல.

நகராட்சியா இருந்தப்போ சேந்து, மாநகராட்சி ஆன பொறவும் சேத்து இருபத்தெட்டு வருசம் பிறப்பு இறப்புப் பிரிவுல சோலி பாத்தேன். இறப்புக்குக் காரணம்னு ஒரு கட்டம் உண்டு. எத்தனை பாத்திருக்கேன் அதுல. எங்க அப்பாவுக்குக் கண்ணேறுன்னு எழுதுங்கன்னு ஒருத்தர் ரெண்டு நாள் வந்து நின்னாரு, பக்கத்து வீட்டுக்காரர் பேரையும் சேத்து எழுதணுமாம். தெரியாதுன்னு யாராவது எழுதிக் கொண்டாந்தா எனக்குப் பொறுக்காது, தெரியாதுங்கது ஒரு பதிலா, போயி விசாரிச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிருவேன். அம்புட்டுக் கண்டிப்பு. அந்தச் செண்பகவல்லிக்கு நாளைக்கு ஒருத்தி அந்தக் கட்டத்தை நிரப்பணும்னா என்னத்தை எழுதுவா. மறதின்னு எழுதலாமா. பால் பொங்கியதால்னு எழுதலாமா. சாவு பயம் எனக்கு இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், அது பொய், எனக்கு நல்லாவே பயம் உண்டு. டயாலிசிஸ் மிசின்ல ஒண்ணரை வருசம் வாரத்துக்கு மூணு நாள் படுத்திருந்தேன், அந்த மிசின் சத்தத்துக்கு மறுபடி போவ என்னால ஆவாது.

அப்போ மதினிக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. பதினோரு வருசம். இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாத்தனாதான் பால் காய்ச்சணும், முறை அது. முகூர்த்தம் ஆறரைக்கு முடியுது, ஆறு இருபத்தஞ்சாச்சு, தென்காசி பஸ்ஸைக் காணோம், சாஸ்திரிகள் பறக்காரு, எங்க தங்கச்சியைக் காய்ச்சச் சொல்லிட்டேன். மதினி பட்டுச்சேலையோட வாசல்ல வந்து எறங்கும்போது எல்லார் கையிலயும் பால் டம்ளர். சீர்த்தட்டை வாசல்லயே வச்சுட்டு, வந்த ஆட்டோவுலயே திரும்பிட்டாவ. அதுலருந்து நல்லதுக்குமில்ல கெட்டதுக்குமில்ல. எனக்கு யாரு கிட்னியும் ஒத்துவரல, இவியளுக்குச் சக்கரை, எங்க தங்கச்சிக்கு ரத்தம் சேரல. ஒரு நாள் காலையில ஒரு ஒயர்கூடையோட மதினி வந்து நிக்காவ, பரிசோதனை எல்லாம் அவியளே தென்காசியில முடிச்சுட்டு, காயிதம் எல்லாம் கூடையில. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். கையை உருவிட்டு என்ன சொன்னாவ தெரியுமா. எட்டி, எந்தம்பிக்கு வெந்நி போடத் தெரியாது, நீ போயிட்டா அவனை நான்லா வச்சுப் பாக்கணும், அதுக்கு ஒரு கிட்னி குடுக்கது லேசு. அப்படிச் சொல்லித்தான் குடுத்தாவ. குடுத்த கையோட கண்காணிக்கவும் ஆரம்பிச்சுட்டாவ. எனக்கு ஆத்திரம் வராத நாளில்ல. சாமானைக் குடுத்துட்டுச் சாவியைக் குடுக்காத மனுசின்னு இவியகிட்டயே சொல்லியிருக்கேன், அதுவும் போயிருக்கும் தென்காசிக்கு.

எட்டு நாப்பத்தி ஏழு. ஒரு பொய் ரெடியா இருக்கு, நல்ல பொய், பாதி நிசம் வேற. எண்ணெய் தேச்சதுல பிளாஸ்திரி கழண்டுட்டு, மாத்திரை போட்டாச்சு. முடிஞ்சுது. ஜெபராணி புதுப் பிளாஸ்திரி அனுப்புவா, மதினி ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவாவ, மைக்ல யாரும் கூப்பிட மாட்டான். நிசமாவே போட்டிருந்தா அது பொய்யே இல்லையே. போடலைன்னாதான் பொய். ஒரு வேளைதானே, ஒரு வேளையில உடம்பு என்ன கண்டுபிடிச்சுரப் போவுது. ஆனா இன்னைக்கு இப்படிச் சொல்லிட்டா நாளைக்கும் கழண்டுட்டுன்னு சொல்ல வாய் கூசாது, தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்க நான் என்னத்துக்கு ஆஸ்பத்திரியில போய் படுத்தேன். தெரியலன்னு சொல்லணும். அந்த வார்த்தையை நினைச்சாலே நாக்கு பின்னுக்குப் போவுது. செண்பகம், என் கண்ணாடியைப் பாத்தியான்னு இவிய கேக்காவ. மூஞ்சியிலதான் இருக்குன்னேன். தடவிப் பாத்துட்டு, ஆமாங்காவ. இந்த மனுசனுக்குத் தெரியலன்னு சொல்ல ஒரு வெக்கமும் இல்ல, நாளுக்குப் பத்து தடவை சொல்லிட்டு நல்லா இருக்காவ.

எட்டு ஐம்பத்தி ரெண்டுக்கு மதினிக்குப் போட்டேன். முதல் மணி அடிச்சு முடியதுக்குள்ள எடுத்துட்டாவ. "பச்சை எங்கட்டி?" வணக்கமும் இல்ல, வாழ்த்தும் இல்ல. "மதினி, மாத்திரை முழுங்கினேனா இல்லையான்னு எனக்குத் தெரியல" அப்படின்னேன். சொல்லிட்டேன். "தெரியலன்னா என்னட்டி அர்த்தம்?" "கையில எடுத்தேன். பால் பொங்கிச்சு. தண்ணி குடிச்சேன். நடுவுல நடந்தது தெரியல." "பிளாஸ்திரி என்னாச்சு?" "எண்ணெய் தேச்சுக் குளிச்சேன். பாத்ரூம் கண்ணாடியில ஒட்டிட்டேன் மதினி, பொட்டுகூட." இப்போ ஏச்சு வரும், பதினோரு வருசத்துக்கும் சேத்து வரும்னு செல்போனைக் காதுலருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சேன். "சரி, அங்கனதானே ஒட்டுவோம்"னாவ மதினி. குரல்ல சண்டையே இல்ல. "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய, நான் என்ன டாக்டரா, அந்தப் பிள்ளைக்குப் போடு மொதல்ல. வையி."

ஜெபராணிக்குப் போட்டேன். இன்னொண்ணு போட்டுராதீங்கம்மான்னு முதல் வார்த்தையே அதான் சொன்னா. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு அஞ்சு நிமிசத்துல கூப்பிட்டா. பாளையங்கோட்டையிலயே லேபுக்குச் சொல்லியிருக்காங்களாம், பத்து மணிக்குப் போயி ரத்தம் குடுத்தா மாத்திரை உள்ள போயிருக்கா இல்லையான்னு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிரும், அதுக்குத் தக்கன டாக்டர் சொல்லுவாரு, அதுவரைக்கும் தண்ணியைத் தவிர ஒண்ணும் வேண்டாம். நான் கோவிச்சுக்கிடுவாளோன்னு பாத்தா, "தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அதாம்மா நல்லது. நிறையப்பேரு போட்டாச்சுன்னுதான் சொல்லுவாங்க, பொறவு மூணு மாசம் கழிச்சுக் கால் வீங்கி வருவாங்க"ன்னா. அந்தப் பொய் நாக்கு நுனியிலதான் இருந்துது.

மறுபடி மதினிக்குப் போட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சேன். ம் ம்னு கேட்டுட்டே இருந்தாவ. நடுவுல, "சேப்பு ஒம்பதுக்கே வந்துட்டு"ன்னாவ, அதுவும் சுரத்தில்லாம. "என்ன மதினி, குரல் ஒரு மாதிரி இருக்கு" அப்படின்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, தலை சுத்துது." "பிரசர் மாத்திரை போட்டேளா?" "இனிமேதான். காப்பி குடிச்சுட்டுல்லா போடணும்." "இன்னுமா காப்பி குடிக்கல? மணி ஒம்பது பத்து ஆவுது." "நீ பச்சை காட்டினாத்தானட்டி நான் அடுப்பைப் பத்த வைக்க" அப்படின்னாவ, என்னமோ எனக்குத் தெரிஞ்ச விசயத்தை நான் மறந்துட்ட மாதிரி. எனக்கு விளங்கல. என்னைக்கிலருந்து இப்படின்னு கேட்டேன். தை மாசத்திலருந்துதான், காலையில அஞ்சுக்கு எந்திரிப்பேன், வாசல் தெளிப்பேன், எட்டு மணி வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாது, உன் பச்சை வந்த பொறவுதான் காப்பி, ராத்திரி உன் பச்சை வந்த பொறவுதான் சோறு, இதுல என்ன இருக்குங்காவ. அப்போ வள்ளியூர்க் கல்யாணத்தன்னைக்குன்னு கேக்க வந்தேன், கேக்கல. எட்டு மாசமா நான் நினைச்சுக்கிட்டு இருந்தது, தென்காசியில ஒருத்தி பிரம்போட உக்காந்திருக்கான்னு. அவிய பசியோட உக்காந்திருந்திருக்காவ. எனக்குக் கோவம் வந்துது பாரு, அப்படி ஒரு கோவம் எனக்கு இவியமேல கூட வந்ததில்ல. "உங்களுக்குக் கோட்டியா மதினி? அறுபத்தி மூணு வயசுல, பிரசரை வச்சுக்கிட்டு, வெறும் வயித்துல தலையைச் சுத்தவிட்டு உக்காந்திருக்கியளே, உங்ககிட்டயும் ஒண்ணுதான் மதினி இருக்கு" அப்படின்னு கத்திட்டேன். மதினியைப் பாத்து நான் கத்துனது அதான் முதல் தடவை. இவிய பேப்பரைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டாவ.

"என் பச்சையை யாருட்டி பாக்கா"ன்னு மதினி முணங்கினாவ. "நான் பாக்கேன். மாத்திரையை எடுங்க. ரெண்டு பிஸ்கட் தின்னுட்டுப் போடுங்க, காப்பி பொறவு. நான் போனை வைக்க மாட்டேன்." "எட்டி, உனக்கு லேபுக்கு நேரமாவுது." "ஆவட்டும். எடுங்க." டப்பா திறக்க சத்தம் கேட்டுது, பிஸ்கட்டுத் தாளைக் கிழிக்க சத்தம், கடிக்க சத்தம், என்னமோ ஏசிக்கிட்டே மெல்லுதாவ. நான் செல்போனைக் காதோட வச்சு அமுக்குதேன், மறு கையால காதைப் பொத்திக்கிட்டேன், இவியளைப் பேசாதியன்னு கண்ணைக் காட்டுதேன். "சத்தம் கேக்க முழுங்குங்க மதினி, எனக்குத் தெரியணும்"னேன். டம்ளர் தரையில வைக்க சத்தத்துக்கு முந்தி, மடக்குன்னு ஒண்ணு வந்துது, பொறவு இன்னொரு மடக்கு. "கேட்டுதா"ன்னாவ. கேட்டுதுன்னு போனைப் பிடிச்சுக்கிட்டுத் தலையைத் தலையை ஆட்டுதேன். "எட்டி, முழுங்கிட்டேன்ங்கேன், கேட்டுதா இல்லையா"ன்னு மதினி தென்காசியிலருந்து சத்தம் போட்டுக்கிட்டே இருக்காவ.